கணக்கும் காவலும்

அரியலூர்ப் பக்கம் வண்டி ஓட்டுகிறவர்களுக்குச் சுண்ணாம்புக்கல் லாரியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 1979இல் அரசு சிமெண்ட் ஆலை வந்தது. இன்று ராம்கோ, டால்மியா, அல்ட்ராடெக், செட்டிநாடு என்று சுற்றிலும் ஆலைகள். எந்த ஆலையானாலும் ஓர் எடைமேடை இருக்கும். காலி லாரி ஒருமுறை ஏறி இறங்கும், சுமையோடு மறுமுறை ஏறி இறங்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சரக்கின் எடை. அந்த எண் சீட்டில் அச்சாகி ஓட்டுநர் கைக்குப் போகும். அதே எண் ஒரு டேட்டாபேஸில் ஒரு வரியாகப் போய் உட்காரும்.

இந்த இடத்தில் இரண்டு விதமான கோளாறு வரலாம். நெட்வொர்க் சுவிட்ச் செத்துப்போய் எடைமேடைக் கணினி உறைந்து நிற்பது ஒன்று. சாலை வரை லாரி வரிசை நீளும், ஹாரன் சத்தம் காதைப் பிளக்கும், மேலாளர் ஓடி வருவார், சிஸ்டம் அட்மினுக்குப் போன் பறக்கும். மற்றது சத்தமே போடாதது. மின்சாரம் போய் வந்தபின் சர்வர் எழுந்துவிட்டது, எல்லாம் ஓடுகிறது. ஆனால் நடுவில் பத்து நிமிடப் பதிவுகளைக் காணோம். லாரிகள் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டன, சீட்டு ஓட்டுநர்களிடம் இருக்கிறது, கணக்கில் மட்டும் அந்தச் சரக்கு கிளம்பவே இல்லை. மாதக் கடைசியில்தான் இது தெரியவரும். அப்போது தேடப்படுகிறவர் டிபிஏ, அதாவது டேட்டாபேஸ் நிர்வாகி.

பெரம்பலூரிலும் அரியலூரிலும் கணினி படித்துவிட்டு வெளியே வரும் பிள்ளைகளில் நிரல் எழுதுவதில் அவ்வளவாக ஆர்வம் இல்லாதவர்கள் இந்த இரண்டு வேலைகளில் எதற்குப் போவது என்று குழம்புகிறார்கள். பயிற்சி மையங்களில் இரண்டுக்கும் தனித்தனி வகுப்பு, தனித்தனிக் கட்டணம், தனித்தனிச் சான்றிதழ். அப்பா வெங்காயம் விற்ற காசு அதில் போகிறது என்பதால், இந்தத் தேர்வை ஏதோ விருப்பப் பாடம் எடுப்பதுபோலப் பார்க்க முடியாது. எது எங்கே கிடைக்கும், எது எத்தனை நாள் நிற்கும், எது ஆளை எப்படித் தேய்க்கும் என்றெல்லாம் எடைபோட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்த இரட்டை வேலையைத் தமிழ்நாட்டுக் கிராமம் கணினிக்கு வெகுகாலம் முன்பே பார்த்திருக்கிறது. கர்ணம் அடங்கலும் சிட்டாவும் வைத்திருந்தார். எந்த நிலம் யாருடையது, அதில் என்ன பயிர் என்பது அவர் கையெழுத்தில் இருந்தது. மணியக்காரர் கிஸ்தி வசூலித்தார், ஊரில் சச்சரவு வந்தால் முன்னால் நின்றார். ஒருவர் கணக்கு, மற்றவர் ஊர் நடப்பு. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அந்தப் பதவிகளை ஒழித்தது. 1982இல் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது. இரண்டு வேலைகளும் கிராம நிர்வாக அலுவலர் என்ற ஒரே ஆளின் மேசைக்கு வந்துசேர்ந்தன. இன்று வி.ஏ.ஓ. பயிர்க் கணக்கும் எழுதுகிறார், வெள்ளம் வந்தால் முதலில் ஓடவும் செய்கிறார். கணினித் துறையில் இப்போது நடப்பது ஏறக்குறைய இதுதான்.

கல்லூரியிலேயே இதற்கு ஒரு சாட்சி உண்டு. பொறியியல் மாணவர்கள் படிக்கும் ஆப்பரேட்டிங் சிஸ்டம் பாடநூலின் அட்டையில் டைனோசர் இருக்கும். டேட்டாபேஸ் பாடநூலின் அட்டையில் பாய்மரப் படகு. இரண்டிலும் முதல் பெயர் ஆப்ரகாம் சில்பர்ஷாட்ஸ். படகுப் புத்தகத்தின் மூன்றாவது ஆசிரியர் சுதர்சன், சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து மும்பை ஐ.ஐ.டி.யில் பேராசிரியரானவர். இரண்டு துறைகளையும் ஒரே கை எழுத முடிந்தது என்றால், இரண்டுக்கும் அடித்தளம் அத்தனை நெருக்கம் என்று பொருள். நெருக்கம் இருக்கிற இடத்தில் உரசலும் உண்டு. ஆப்பரேட்டிங் சிஸ்டம் தரும் வசதிகள் பல டேட்டாபேஸுக்குப் பொருந்தவில்லை என்று மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் 1981லேயே கட்டுரை எழுதினார். 2018இல் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸை உருவாக்கும் குழுவினர் அதிர்ந்துபோன ஒரு விஷயமும் அந்த வகைதான்: வட்டில் எழுதும்போது பிழை நேர்ந்தால் லினக்ஸ் அதை ஒருமுறை சொல்லும், மறுமுறை கேட்டால் எல்லாம் சரி என்றுவிடும். அதை நம்பிய டேட்டாபேஸ், எழுதப்படாத தரவை எழுதியதாகவே எண்ணிக்கொள்ளும்.

எல்லைக்கோடு எவ்வளவு மெல்லியது என்பதற்கு நிரல்களைச் சேமித்துவைக்கும் இணையச் சேவையான கிட்லேப் நிறுவனத்தில் நடந்ததைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம். 2017 ஜனவரி 31ஆம் தேதி இரவு. முதன்மை டேட்டாபேஸ் ஒரு சர்வரில், அதன் நகல் இன்னொன்றில். நகல் பின்தங்கிப்போயிற்று. அதைச் சரிசெய்ய இறங்கிய பொறியாளர், நகல் சர்வரின் கோப்புறையை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம் என்று நினைத்து, லினக்ஸில் எல்லாவற்றையும் துடைத்தெடுக்கும் அந்தக் கட்டளையை அடித்தார். அடித்தது முதன்மை சர்வரில். ஓரிரு நொடிகளில் உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியிருந்தது.

சரி, பேக்கப் இருக்குமே என்று போனால் அங்கே அடுத்த அடி. தினசரி பேக்கப் எடுக்கும் மென்பொருளின் பதிப்பு 9.2, ஓடிக்கொண்டிருந்த டேட்டாபேஸ் 9.6. பதிப்பு பொருந்தாததால் பேக்கப் தினமும் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியைச் சொல்ல வேண்டிய மின்னஞ்சல்களும் வந்து சேரவில்லை. மின்னஞ்சல் பாதுகாப்பு அமைப்பு அவற்றை ஏற்காமல் தள்ளிக்கொண்டிருந்தது. கடைசியில் காப்பாற்றியது, அதே பொறியாளர் ஆறு மணி நேரத்துக்கு முன் வேறொரு தேவைக்காகக் கையால் எடுத்துவைத்த ஒரு நகல். ஆறு மணி நேரத் தரவு போனது போனதுதான்: சுமார் 5,000 திட்டங்கள், 5,000 கருத்துகள், 700 புதிய பயனர் கணக்குகள்.

இதில் எது டிபிஏ செய்த தவறு, எது சிஸ்டம் அட்மின் செய்த தவறு? போனது டேட்டாபேஸ், போக்கியது லினக்ஸ் கட்டளை. தோற்றது பேக்கப், தோல்வியை மறைத்தது மின்னஞ்சல் அமைப்பு. கிராமக் கணக்குக்கு ஆண்டுதோறும் ஜமாபந்தி உண்டு. தாசில்தார் அலுவலகத்தில் பதிவேடுகளைப் பரப்பிவைத்துச் சரிபார்ப்பார்கள். கிட்லேப் பேக்கப்புக்கு அப்படி ஒரு ஜமாபந்தி நடக்கவே இல்லை. எடுத்த பேக்கப்பைத் திரும்ப ஏற்றிப் பார்க்கும் வழக்கம் நம் ஊர்ச் சிறு நிறுவனங்களிலும் அரிது. இரண்டு வேலைகளில் எதற்குப் போகிறவரானாலும் முதலில் பழக வேண்டியது இது. பாடத்திட்டம் அட்டவணைகளை வடிவமைக்கும் நார்மலைசேஷனுக்கு நாள்கணக்கில் இடம் தருகிறது, ரீஸ்டோருக்கு அந்த இடத்தைத் தருவதில்லை. இந்தக் குறையைக் கல்லூரிகள் நினைத்தால் ஒரே பருவத்தில் தீர்த்துவிடலாம்.

சிஸ்டம் அட்மின் உழைப்பின் அளவை உலகம் ஒரே நாளில் பார்த்தது 2024 ஜூலை 19 வெள்ளிக்கிழமை. கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளின் ஒரு புதுப்பிப்பு, மைக்ரோசாஃப்ட் கணக்கின்படி 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத் திரையில் நிறுத்தியது. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். டேட்டாபேஸ்கள் பெரும்பாலும் பத்திரமாகவே இருந்தன. போய்ச் சேரத்தான் வழியில்லை. பல இடங்களில் ஒவ்வொரு கணினியாக உட்கார்ந்து, சேஃப் மோடில் எழுப்பி, ஒரு கோப்பை அழித்து, மீண்டும் எழுப்ப வேண்டியிருந்தது. தூரத்திலிருந்து செய்ய முடியாத வேலை அது. ஆள் நேரில் போக வேண்டும்.

'ஆள் நேரில் போக வேண்டும்' என்பதுதான் பெரம்பலூர், அரியலூர்ப் பிள்ளைகளுக்கு முக்கியமான செய்தி. நாரணமங்கலத்தில் எம்.ஆர்.எஃப். டயர் ஆலை, சிறுவாச்சூரில் மருத்துவக் கல்லூரி, எறையூரில் சர்க்கரை ஆலையும் சிப்காட்டும், அரியலூரைச் சுற்றிச் சிமெண்ட் ஆலைகள், இரண்டு ஆட்சியர் அலுவலகங்கள், வங்கிக் கிளைகள், கல்லூரிகள். இவை எல்லாவற்றிலும் கேபிளும் சுவிட்சும் யு.பி.எஸ்.ஸும் இருக்கின்றன, அவை பழுதானால் உள்ளூரில் ஒருவர் வேண்டும். டேட்டாபேஸ் அப்படி இல்லை. பெரிய நிறுவனங்களின் மையக் கணக்கு பெரும்பாலும் தலைமையகத்திலோ கிளவுடிலோதான் இருக்கும். நிலப் பட்டாவை வேப்பந்தட்டையில் உட்கார்ந்து இணையத்தில் எடுக்கலாம். அந்தத் தரவைக் காக்கிறவர் வேப்பந்தட்டையில் இருக்க மாட்டார். சொந்த ஊரிலேயே வேலை பார்க்க வேண்டிய குடும்பச் சூழல் உள்ளவருக்கு, குறிப்பாக வெளியூர் விடுதியில் தங்க வீட்டில் சம்மதம் கிடைக்காத பெண்களுக்கு, இந்த வித்தியாசம் மிகப் பெரியது.

அதற்காகச் சிஸ்டம் அட்மின் வேலையைத் தூக்கி வைத்துப் பேச வேண்டியதில்லை. சிறு நிறுவனத்தில் அந்தப் பெயரில் சேர்கிறவர் பிரிண்டருக்கு டோனர் மாற்றுவார், சி.சி.டி.வி. கேமராவைத் திருப்பிவைப்பார், முதலாளி வீட்டு வைஃபையையும் பார்ப்பார். மூன்று ஆண்டு கழித்து நேர்காணலுக்குப் போனால், செய்ததைச் சொல்ல வாய் வராது. எல்லாம் ஓடும்போது யாரும் நினைக்காத, நின்றவுடன் எல்லோரும் திட்டும் வேலை அது. கருவிகளும் வேகமாக மாறும். ஒரு காலத்தில் நாவெல் நெட்வேர் என்ற நெட்வொர்க் மென்பொருள் தெரிந்தவருக்கு எத்தனை மதிப்பு! இன்று அந்தப் பெயரைச் சொன்னால் இளைஞர்களுக்குப் புரியாது.

டிபிஏ பக்கத்தின் பெரிய பலம் இங்கேதான். தரவை அட்டவணைகளாக அடுக்குவது பற்றி எட்கர் காட் 1970இல் எழுதிய கட்டுரையின் மேல் எழுந்த கட்டடம் இன்னும் நிற்கிறது. எழுபதுகளில் பிறந்த எஸ்.க்யூ.எல். இன்றும் டேட்டாபேஸின் அன்றாட மொழி. அட்டவணைகளை இணைக்க இருபது ஆண்டுக்கு முன் கற்ற ஜாயின் இன்றும் அப்படியே ஓடும். கற்றது கையைவிட்டுப் போகாத துறைகள் கணினி உலகில் குறைவு.

ஆனால் கதவு குறுகலானது. ஒரு நிறுவனத்தின் உயிர்நாடியான தரவைப் புதிதாக வந்தவர் கையில் யாரும் கொடுப்பதில்லை. கல்லூரி முடித்தவுடன் டிபிஏ ஆகிறவர்கள் பெரும்பாலும் சென்னையிலோ பெங்களூருவிலோ சேவை நிறுவனங்களில் எல்-1 எனப்படும் முதல் நிலையில் சேர்ந்து, அமெரிக்கப் பகலுக்கு ஏற்ப நம் இரவில் விழித்திருந்து எச்சரிக்கைச் செய்திகளைப் பார்த்து மேலே அனுப்புகிறார்கள். அந்தக் கீழ்ப்படியைத்தான் இயந்திரம் முதலில் எடுத்துக்கொள்கிறது. அமேசான் 2009இல் தொடங்கிய ஆர்.டி.எஸ். சேவை பேக்கப்பையும் பேட்ச் போடுவதையும் தானே செய்தது. 2017இல் ஆரக்கிள் நிறுவனமே, தன்னைத் தானே நிர்வகித்துக்கொள்ளும் டேட்டாபேஸ் ஒன்றை அறிவித்தது. ஆரக்கிள் டிபிஏ சான்றிதழுக்காகக் கட்டணம் கட்டிக்கொண்டிருக்கும் மாணவர் யோசிக்க வேண்டிய செய்தி அது. மெதுவாக ஓடும் ஒரு வினவல் ஏன் மெதுவாகிறது, எந்தப் பதிவை எந்த நிமிடம் வரை மீட்க வேண்டும் என்பதற்கு இன்னும் மனிதர் தேவைப்படுகிறார். அது அனுபவத்தில் வருவது, ஆறு மாத வகுப்பில் வராது.

எனவே இந்த இரண்டு மாவட்டங்களிலிருந்து கிளம்புகிற ஒருவருக்கு நியாயமான வழி, சிஸ்டம் அட்மின் வாசலில் நுழைந்து லினக்ஸையும் நெட்வொர்க்கையும் கையில் பிடித்துக்கொண்டு, அங்கிருந்தே டேட்டாபேஸ் பக்கம் நகர்வது. டோனர் மாற்றும் நாள்களிலும் நிறுவனத்தின் டேலி தரவும் எடைமேடைத் தரவும் எங்கே சேமிக்கப்படுகின்றன, நேற்றைய பேக்கப் உண்மையில் திறக்கிறதா என்று பார்க்கத் தொடங்கினால், அவர் ஏற்கெனவே பாதி டிபிஏ. இதன் பலவீனத்தையும் மறைக்கக் கூடாது. அந்த நகர்வு தானாக நடக்காது. வேலை நேரத்துக்கு வெளியே உழைத்தால்தான் உண்டு. குடும்பப் பொறுப்பு ஏறிய பிறகு அந்த நேரம் கிடைப்பது கடினம். முதல் இரண்டு ஆண்டுகளில் நகராதவர்கள் பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள்.

பழகிப் பார்க்கக் காசு தேவையில்லை. அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக்கில் உருவானது அது. அந்தப் பழைய மடிக்கணினி வீட்டில் தூசி படிந்து கிடந்தால் போதும். புதிய லினக்ஸ் ஒன்றை அதில் ஏற்றி, போஸ்ட்கிரெஸை நிறுவி, செட்டிகுளத்துச் சின்ன வெங்காய மூட்டைகளுக்கு ஓர் அட்டவணை போடலாம்: தேதி, மூட்டை, எடை, விலை. நூறு வரி எழுதி, பேக்கப் எடுத்து, அட்டவணையை அழித்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி மீட்க வேண்டும். மறுநாள் மாலை ஆப்பரேட்டிங் சிஸ்டத்தையே துடைத்துவிட்டு, வெறும் பெட்டியிலிருந்து அதை மறுபடி எழுப்ப வேண்டும். இரண்டு மாலைகளில் எந்த மாலை சாப்பிடக் கூப்பிட்டபோது காதில் விழவில்லை என்பதை அம்மாவிடம் கேட்டால் சொல்லிவிடுவார்.