வாசித்தது மட்டும்தானா?

சரோஜ் நாராயண்சுவாமி 2022 ஆகஸ்ட்டில் காலமானபோது வந்த அஞ்சலிகளில் ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்தது: குரல். கம்பீரக் குரல், கணீர்க் குரல், வெண்கலக் குரல். டெல்லியிலிருந்து காலை 7.15 மணிக்கு ஒலிபரப்பாகும் தமிழ்ச் செய்தியோடு அடுப்படி வேலையை ஓட்டிய தலைமுறைக்கு அந்தப் பாராட்டு இயல்பாக வருவதுதான். ஆனாலும் முப்பது ஆண்டுகளுக்கும் மேலான மூளை உழைப்பைத் தொண்டையோடு நிறுத்திவிடுகிற பாராட்டு அது.

வானொலியின் டெல்லிச் செய்திப் பிரிவில் அந்த வேலை வாசிப்பு மட்டுமல்ல, மொழிபெயர்ப்பும்தான். ஆங்கிலத்தில் வரும் செய்தித்தாள்களைத் தமிழாக்கி, பத்து நிமிடத்துக்குள் அடக்கி, விடிந்தும் விடியாத வேளையில் ஒலிவாங்கியின் முன்னால் உட்கார வேண்டும். எழுத்துக்குச் செய்யும் மொழிபெயர்ப்பு இங்கே செல்லாது. தமிழில் வினைமுற்று கடைசியில் வரும். வாக்கியம் நீண்டால், யார் என்ன சொன்னார் என்பதைக் கேட்பவர் பாதியிலேயே தவறவிட்டுவிடுவார். திரும்பக் கேட்கவும் வழியில்லை. ஆகவே வாக்கியத்தை எங்கே உடைப்பது, பெயரை எங்கே வைப்பது, வாயில் நுழையாத அயல்நாட்டுப் பெயரைத் தமிழ்க் காதுக்கு எப்படிக் கொடுப்பது என்று நொடிக்கு நொடி முடிவெடுக்க வேண்டும். அத்தனையும் ‘செய்திகள் வாசிப்பது’ என்ற இரண்டு சொல்லுக்குள் மறைந்துபோயின. ஆண்களுக்கும் அதே அறிவிப்புதானே என்று கேட்கலாம். கேட்கலாம்தான். ஆனால் ஆணுக்குக் குரல் ஒரு தகுதி. பெண்ணுக்கு அதையே முழு அடையாளமாக்கிவிடுகிறோம்.

அவர் மும்பையில் பிறந்து வளர்ந்தவர். தமிழ்நாட்டுக்கு வெளியே உருவான அந்தத் தமிழை ‘நல்ல தமிழ்’ என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். நாஞ்சில் நாட்டுப் பேச்சுக்கு அந்த மரியாதை கிடைத்ததில்லை. சென்னைக்குப் படிக்கப்போன நம் பெண்கள் வாயைத் திறந்தால் ‘மலையாளமா?’ என்ற கேள்விதான். நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் 1984 அக்டோபர் 30இல் நாகர்கோவிலில் தொடங்கப்பட்டது. இப்படிப்பட்ட ஊருக்கு அது வெறும் பெருமைச் செய்தி அல்ல.

சரோஜ் வாசித்த செய்திகளின் கடைசியில் விளையாட்டும் வரும். முடிந்த ஆட்டத்தின் ஓட்டக் கணக்கைப் பெண் குரல் சொல்லலாம்; நடக்கிற ஆட்டத்தை? தமிழில் கிரிக்கெட் வர்ணனை என்றால் நினைவுக்கு வருபவை அப்துல் ஜப்பார், ராமமூர்த்தி போன்ற பெயர்கள்தான். வர்ணனைக்குத் தாள் கிடையாது, மேலதிகாரி பார்த்துத் திருத்திய வரி கிடையாது. மைதானத்தில் இல்லாதவருக்கு வர்ணனையாளர் கண்டதே ஆட்டம். பெண்ணின் குரலை அனுமதித்தவர்கள் அவள் கண்ணை நம்பத் தயங்கினார்கள் என்றே நினைக்கிறேன். 1977இல் இந்தூரில் பம்பாய் அணியும் எம்.சி.சி.யும் ஆடியபோது சந்திரா நாயுடு வர்ணனை செய்தார். இந்தியாவின் முதல் பெண் கிரிக்கெட் வர்ணனையாளர் அவர். இந்தியாவின் முதல் டெஸ்ட் அணித் தலைவரான சி.கே. நாயுடுவின் மகள். அவருக்குப் பின்னால் உடனே ஒரு வரிசை உருவாகிவிடவில்லை.

தொலைக்காட்சி வந்ததும் பெண்கள் திரைக்கு வந்தார்கள். 2003 உலகக்கோப்பையின்போது மந்திரா பேடி கேட்ட கேள்விகளைவிட அவர் ரவிக்கைதான் அதிகம் பேசப்பட்டது. தமிழிலும் பாவனா பாலகிருஷ்ணன் போன்றவர்கள் விளையாட்டு நிகழ்ச்சிகளைத் தடுமாறாமல் நடத்துகிறார்கள். நேரலையில் நாலைந்து பேரின் பேச்சைக் கட்டுக்குள் வைத்திருப்பது எளிய வேலை அல்ல. ஆனால் அரங்கின் அமைப்பைப் பாருங்கள்: பெரும்பாலும் கேட்பவர் பெண், ஆட்டத்தை விளக்குபவர் முன்னாள் ஆண் வீரர். ஆடியவருக்குத்தான் தெரியும் என்பார்கள். ஆடிய பெண்களும் இருக்கிறார்களே! அஞ்சும் சோப்ராவும் ஈசா குஹாவும் ஆண்கள் ஆட்டத்துக்கும் வர்ணனை செய்கிறார்கள். பந்து ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை.

நம் கடற்கரை ஊர்களுக்குக் கால்பந்து உயிர். தூத்தூர், இரவிபுத்தன்துறைப் பக்கம் வீட்டுக்கொரு ஆட்டக்காரன் இருப்பான். நான் போன போட்டிகளில் மைக் பிடித்தவர்கள் எல்லோரும் ஆண்களே. ஆட்டத்தின் ஓரத்தில் நிற்கும் அம்மாமார், எவன் ஆஃப்சைடில் நின்றான், நடுவர் எதைக் கவனிக்கவில்லை என்று ஒலிபெருக்கிக்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறார்கள்.