ஆக்சிஜன் சிலிண்டரை யார் துடைப்பது?

ஆம்புலன்ஸ் சுத்தம் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது, 2018-ல் எமர்ஜென்சி மெடிசின் ஜர்னலில் வந்த ஒரு சின்ன ஆய்வு கண்ணில் பட்டது. அமெரிக்காவின் அலபாமாவில் ஒரே ஒரு ஆம்புலன்ஸ் நிலையம், 3 வண்டிகள், 9 ஆக்சிஜன் சிலிண்டர்கள். சிலிண்டர்களின் மேற்பரப்பைத் துடைத்தெடுத்துச் சோதித்ததில் ஒன்பதிலும் எம்.ஆர்.எஸ்.ஏ. இருந்தது. சாதாரண ஆன்டிபயாடிக் பலவற்றுக்கு அடங்காத பாக்டீரியா அது. வேறிடத்தில் அடுக்கி வைத்திருந்த 70 சிலிண்டர்களில் 67-லும் அதே கதைதான்.

இந்த ஆய்வில் எனக்குப் பிடிச்சது, அது பார்த்த இடம். ஸ்ட்ரெச்சரைத் துடைக்கணும்னு எல்லாருக்கும் தெரியும். சிலிண்டர் அப்படியில்லை. காலியானா இறங்கும், நிரம்பி வேற வண்டியில ஏறும். யாருடைய பொருளும் இல்லாததால் அதைத் துடைப்பது யாருடைய வேலையும் இல்லை.

குறைகளும் உண்டு. கிருமி இருந்தது என்று காட்டுகிறார்கள். அதிலிருந்து நோயாளிக்குத் தொற்றியதா என்பது தெரியவில்லை. ஒரே நிலையத்தை வைத்து உலகத்துக்கே பேசவும் முடியாது. சின்ன ஆய்வு, அதனால் இதை விட்டுவிடலாம். எனக்கு உறுத்துவது முடிவுரைதான்: எல்லாருக்கும் பொதுவான ஒரு கிருமிநீக்க முறை வேண்டுமாம். சரி, அதை எப்போ செய்யறது?

தேவாலாவிலிருந்து யோசிச்சுப் பாருங்க. எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து ஒருத்தரை ஏற்றி, நாடுகாணி வழியா கூடலூர். அங்கே முடியலைன்னா மலையேறி ஊட்டி. திரும்பி வரும் வழியிலேயே அடுத்த அழைப்பு வரலாம். காலையில் ரத்தக் காயத்தோடு ஒருவர் படுத்த அதே இடத்தில் மாலையில் பிரசவ வலியோடு ஒரு பெண். சில சமயம் குழந்தை வண்டியிலேயே பிறக்கும்.

கிருமிநாசினிக்கு நேரம் வேணும். முதல்ல ரத்தம், சளி, சேறு எல்லாவற்றையும் துடைத்தெடுக்கணும். அழுக்கு இருந்தால் குளோரின் அதிலேயே செலவாகிவிடும். அப்புறம் மருந்து பூசி, சில நிமிஷம் ஈரமாகவே விடணும். பூசின கையோடு துணியால ஒத்தி எடுத்தா பாதிப் பயன்கூட இல்லை. புகைபோல அடித்துவிட்டுப் போகிற குறுக்குவழியும் உதவாது. மூலை முடுக்குக்கு அது சரியாகப் போய்ச் சேராது என்றுதான் 2020 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் அதை வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்றது.

மழை இன்னொரு பக்கம். தமிழ்நாட்டிலேயே அதிகம் மழை பெய்கிற ஊர்களில் ஒன்று இது. ஈரக் காற்று பட்ட பிளீச்சிங் பவுடர் கட்டிதட்டி, குளோரினை இழந்துவிடும். பார்க்க வெள்ளையாகவே இருக்கும், வேலை செய்யாது. நனைந்த போர்வையும் மெத்தையும் நாள் கணக்கில் காயாது.

அதனால் இந்த வகை ஆய்வுகளிடம் எனக்கு ஒரே ஒரு கோரிக்கை. எத்தனை கிருமி என்று எண்ணும்போதே, இரண்டு அழைப்புகளுக்கு நடுவில் ஊழியருக்கு எத்தனை நிமிஷம் கிடைத்தது என்பதையும் எழுதுங்க. அந்த எண் இல்லாமல் "ஒழுங்காத் துடைக்கலை" என்று சொன்னால், பழி டிரைவர் மேலயும் உதவியாளர் மேலயும்தான் விழும். துடைக்கும் நேரத்துக்கு மாற்று வண்டி ஒன்று தயாராக இல்லாத ஊரில், எந்த முறையும் சுவரில் ஒட்டிய தாளாகவே நிற்கும்.