கீழ்வெண்மணி பற்றிய நாவல்களும் கட்டுரைகளும்: ஒரு வாசிப்பு

1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தைச் சேர்ந்த கீழ்வெண்மணியில் ராமையாவின் குடிசைக்குள் தஞ்சம் புகுந்த தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பத்தினர் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். இந்நிகழ்வை ஒட்டி எழுந்த புனைவுகளில் இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' (1975), மீனா கந்தசாமி ஆங்கிலத்தில் எழுதிய 'த ஜிப்சி காடஸ்' (2014) இரண்டும் அதிகம் பேசப்படுபவை. புனைவல்லாத எழுத்தில் மைதிலி சிவராமனின் கட்டுரைத் தொகுப்பான 'ஹாண்டட் பை ஃபயர்' (2013) முக்கியமானது. மூன்றையும் அடுத்தடுத்துப் படிக்கும் வாசகருக்குத் தோன்றும் முதற்கேள்வி, அந்தக் குடிசை ஏன் எரிந்தது என்பதற்கு ஒவ்வொரு நூலும் என்ன காரணம் சொல்கிறது என்பதே.

'குருதிப்புனல்' தில்லியிலிருந்து ஊருக்கு வந்து தங்கிவிட்ட கோபால், அவனைத் தேடி வரும் சிவா ஆகிய இருவரின் கண் வழியாகக் கிராமத்தைக் காட்டுகிறது. படித்த நகரத்து மனிதர்களின் தயக்கத்தையும் வாய்ப்பேச்சையும் உரையாடலிலேயே வெளிக்கொணர்வதில் ஆசிரியருக்கு நிகரானவர்கள் குறைவு. நாவலின் உயிர் அங்கேதான் இருக்கிறது. சாகித்திய அகாதமி விருதும் (1977) பெற்ற நூல் இது. கூலிப் பிரச்சினை நாவலில் இல்லாமல் இல்லை. ஆனால் நிலக்கிழார் கண்ணையா நாயுடுவின் கொடுமைக்கு வேராக அவருடைய ஆண்மைக் குறைவு வைக்கப்படுகிறது. இடதுசாரி விமர்சகர்கள் இதை அன்றே கடுமையாக எதிர்த்தனர். நாவல் ஆவணம் அல்ல, பாத்திரத்துக்கு அகவாழ்வு உண்டு என்ற பதிலும் சொல்லப்படுவதுண்டு.

அந்தப் பதில் பொதுவாகச் சரி. இந்த இடத்தில் போதாது. மைதிலியின் கட்டுரைகளைப் படித்தபின் அது ஏன் போதாது என்பது விளங்குகிறது. ஐக்கிய நாடுகள் அவையில் பணியாற்றிவிட்டு 1968இல் நாடு திரும்பிய மைதிலி, படுகொலை நடந்த சில வாரங்களில் கீழ்வெண்மணிக்குச் சென்றவர். அவர் எழுதுவது மனநிலைகளைப் பற்றியல்ல. கூடுதலாகக் கேட்கப்பட்ட அரைப்படி நெல், செங்கொடிச் சங்கம், அதை உடைப்பதற்காகவே வளர்ந்த நெல் உற்பத்தியாளர் சங்கம், வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து அறுவடை செய்யும் தந்திரம், காவல்துறை நின்ற பக்கம் ஆகியவைதான் அவர் காட்டுபவை. இந்த ஏற்பாட்டில் நிலக்கிழாரின் படுக்கையறைக்கு வேலையே இல்லை. எல்லா வகையிலும் இயல்பான ஒரு மிராசுதாரரும் அதே இரவில் அதே இடத்தில் நின்றிருக்க முடியும். வாசகரை அச்சுறுத்த வேண்டியதும் அதுதான்.

இங்கே நீதிமன்றத் தீர்ப்பை நினைவுகூர வேண்டும். 1970இல் விசாரணை நீதிமன்றம் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்டோருக்குச் சிறைத் தண்டனை விதித்தது. 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. பெருநிலம் உடையவர்கள், கார் வைத்திருப்பவர்கள் தாமே நடந்துசென்று குடிசைக்குத் தீ வைத்திருப்பார்கள் என்பது நம்பத்தக்கதல்ல என்பது அத்தீர்ப்பில் இடம்பெற்ற வாதங்களுள் ஒன்று. இப்படிப்பட்ட பெரிய மனிதர் இதைச் செய்வாரா என்று கேட்டது நீதிமன்றம். செய்தவர் குறையுள்ள மனிதராகத்தான் இருக்க வேண்டும் என்கிறது நாவல். முடிவுகள் நேரெதிர். ஆனால் இரண்டு பார்வையும் தனிமனிதரின் மேலேயே நின்றுவிடுகின்றன. களத்துமேட்டுக்கும் கூலிக்கணக்குக்கும் இறங்கி வரவில்லை. 'குருதிப்புனல்' நாயுடுவின் பக்கம் நிற்கும் நாவல் அல்ல என்பதால்தான் இந்த ஒற்றுமை உறுத்துகிறது.

'குறத்தி அம்மன்' என்ற பெயரில் தமிழிலும் வந்துள்ள மீனாவின் நாவல் இந்தச் சிக்கலை அறிந்தே தொடங்குகிறது. கதை சொல்ல மறுக்கிறது, வாசகரைச் சீண்டுகிறது, நாவல் என்ற வடிவத்தையே கேலி செய்கிறது. முதல் பகுதியில் இந்த விளையாட்டு அளவுக்கு மீறுகிறது. பொறுமையிழந்து புத்தகத்தை மூடுபவரைக் குறைசொல்ல முடியாது. மூடாதவருக்கு, தீ வைப்பைச் சொல்லும் அத்தியாயம் காத்திருக்கிறது. முற்றுப்புள்ளியே இல்லாமல் ஓடும் ஒரே வாக்கியம் அது. மனுக்கள், துண்டறிக்கைகள் போன்ற ஆவண வடிவங்களைக் கதைக்குள் கொண்டுவந்து, நிலக்கிழார்களின் சொற்களை அவர்கள் வாயாலேயே பேசவிடுகிறார் ஆசிரியர். கொலையாளியின் மனத்துக்குள் புகாமலே கொலையை எழுத முடியும் என்பதற்கு இந்நாவல் சான்று.

சோலை சுந்தரபெருமாளின் 'செந்நெல்' (1999) நாவலையும் இவற்றோடு சேர்த்துப் படிக்கலாம். வயலின் பேச்சுமொழியில், உழைப்பவர்களின் இடத்திலிருந்து எழுதப்பட்ட அந்நூலுக்குக் 'குருதிப்புன'லுக்குக் கிடைத்த கவனம் கிடைக்கவில்லை.

மைதிலியின் தொகுப்பிலும் ஒரு போதாமை உண்டு. கட்டுரைகள் வெவ்வேறு காலங்களில் எழுதப்பட்டவை என்பதால் செய்திகள் திரும்ப வருகின்றன. இறந்தவர்கள் எண்ணிக்கையாக நிற்கும் அளவுக்கு மனிதர்களாக நிற்பதில்லை. அந்தக் குடிசைக்குள் இருந்தவர்கள் அதற்கு முந்தைய நாள் என்ன பேசிக்கொண்டிருந்தார்கள் என்பதைக் கட்டுரையால் சொல்ல முடியாது. அதைச் சொல்லியிருக்க வேண்டிய 'குருதிப்புனல்', பக்கங்களில் பெரும்பகுதியைத் தில்லியிலிருந்து வந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டது.