சோளகத்துக்கு எதிரே ஒரு மின் ஸ்கூட்டர்

மன்னார்த் தீவில் ஏற்றம் என்றால் பாலத்தின் முதுகு ஒன்றுதான். மற்றதெல்லாம் தோசைக்கல் மாதிரித் தட்டை. ஆகவே கடைக்காரர் "ஒரு சார்ஜில் நூறு கிலோமீற்றர்" என்றபோது, கண்டி, நுவரெலியாக்காரருக்குத்தான் அது பொய்யாகும், எங்களுக்குச் சரிவரும் என்று நம்பிவிட்டேன். வாங்கியது 2025 பங்குனியில். காற்று அடங்கிக் கிடக்கும் காலம். வைகாசி கடைசியில் சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று, எழும்பியது. எங்கள் ஊரின் ஏற்றம் எங்கே இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

வண்டி சீனத் தயாரிப்பு. பெயர் வேண்டாம், இதே அச்சில் வார்த்தது நாலைந்து பெயரில் விற்பனைக்கு இருக்கிறது. இருக்கைக்குக் கீழும் கால் வைக்கும் பலகைக்குக் கீழுமாக 12 வோல்ட் பற்றரி ஆறு, ஒவ்வொன்றும் 32 ஆம்பியர்-மணி. பெருக்கிப் பார்த்தால் 2.3 கிலோவாட்-மணி, அதாவது மின்சார பில்லில் வரும் அலகில் இரண்டேகாலுக்குச் சற்று மேல். ஈயப் பற்றரிதான். லிதியம் வைத்ததும் கடையில் நின்றது. விலையைக் கேட்டுவிட்டுத் தண்ணீர் வாங்கிக் குடித்தேன். மோட்டார் பின்சில்லுக்குள்ளேயே இருக்கிறது. கியர் இல்லை, சங்கிலி இல்லை, ஒயில் மாற்றும் வேலை இல்லை. முழுச் சார்ஜுக்கு எட்டு மணித்தியாலம்.

நகருக்குள் பள்ளிக்கூடம், சந்தை, ஆஸ்பத்திரி என்று ஓடினால் 58 கிலோமீற்றர் வரை கிடைத்தது. நூறு எங்கே போனது என்று கடைக்காரரிடம் கேட்டேன். "அது ஒரு ஆள், இருபத்தைஞ்சு ஸ்பீட்டில போனா" என்றார். அந்த வேகத்தில் போனால் எங்கள் ஊர்ச் சைக்கிள்காரர் மணி அடித்து விலகச் சொல்வார்.

சோளகம் வந்த பிறகு நடந்ததுதான் சோதனை. தள்ளாடி கடந்து வங்காலைக்குத் தெற்கே திரும்பினால் காற்று முகத்தில் அறைகிறது. (தள்ளாடி என்று இடத்துக்குப் பெயர் வைத்தவரும் ஏதோ இரண்டு சில்லு வண்டியில்தான் வந்திருப்பார்.) வண்டி 40இல் போகிறது, எதிர்க்காற்று 30இல் வருகிறது என்று வையுங்கள். வண்டிக்கு அது 70இல் போவது மாதிரி. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால் மூன்று மடங்கு எதிர்ப்பு. பெற்றோல் வண்டியில் இதைக் கவனிக்கவே மாட்டோம். கைபிடியைக் கொஞ்சம் கூட முறுக்குவோம், காசு போவது தெரியாது. இதிலோ கண்ணுக்கு முன்னாலேயே மீற்றரில் கட்டைகள் கரைகின்றன. ஐந்து கட்டை மூன்றாகும். பயந்துபோய் ஓரங்கட்டி நின்றால், இரண்டு நிமிடத்தில் ஒரு கட்டை திரும்பி வரும். ஈயப் பற்றரியின் குணம் அது: பாரம் ஏறும்போது வோல்ட் தொய்யும், விட்டால் நிமிரும். மீற்றர் வோல்ட்டைப் பார்த்துத்தான் கட்டை போடுகிறது. அதை நம்பிப் பயணம் வைத்தால் தெருவில் நிற்பீர்கள்.

நான் நின்றேன். தலைமன்னாருக்குப் போய்வர அறுபது கிலோமீற்றரை ஒட்டி வரும். போகும்போது இடக்கன்னத்தில் காற்று, வரும்போது வலக்கன்னத்தில். பக்கக் காற்றுத்தானே என்று ஏமாந்தேன். இறங்குதுறையில் தேத்தண்ணி குடித்து, கடைக்காரரிடம் கெஞ்சி அரை மணி சார்ஜ் போட்டும், திரும்பும் வழியில் தோட்டவெளியில் வண்டி ஆமை வேகத்துக்கு இறங்கிவிட்டது. உருட்டாத குறை. பேசாலைக்குப் போய்வருவது, பாதித்தூரம், ஒருநாளும் பிரச்சினை தரவில்லை.

அந்த அரைகுறை ஓட்டத்தில் வலப்பக்கம் பார்த்தால் நடுக்குடாப் பக்கம் காற்றாலைகள் வரிசையாகச் சுழல்கின்றன. தம்பபவனி: 30 ஆலைகள், ஒவ்வொன்றும் 3.45 மெகாவாட், மொத்தம் 103.5. மின்சார சபை 2020 டிசம்பரில் திறந்தது. என் பற்றரியை உறிஞ்சிய அதே காற்றுத்தான் அவற்றைச் சுற்றுகிறது. ஓர் ஆலை முழு வேகத்தில் ஒரு மணித்தியாலம் சுழன்றால் என்னுடையது போல ஆயிரத்துக்கு மேற்பட்ட ஸ்கூட்டர்களைச் சார்ஜ் பண்ணலாம். கணக்கு இனிப்பாகத்தான் இருக்கிறது.

ஆனால் இந்த இனிப்பை மன்னாரில் சொன்னால் முறைப்பார்கள். ஆலைகளுக்குப் போட்ட பாதையும் அத்திவாரமும் மழைத்தண்ணீர் கடலுக்கு ஓடும் வழியை மறிக்கின்றன, மாரியில் வீட்டுக்குள் வெள்ளம் வருகிறது என்று சனம் சொல்கிறது. மீன் கரையை விட்டு விலகிவிட்டது என்று கடற்றொழிலாளர் சொல்கிறார்கள். வலசைப் பறவைகள் வரும் பாதை வேறு இது; வங்காலைச் சரணாலயம் 2010இலிருந்து ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இருக்கிறது. அதானி நிறுவனத்தின் பெரிய காற்றாலைத் திட்டம் 2025 பெப்ரவரியில் கைவிடப்பட்டது. ஆனாலும் புதிய ஆலைகளின் பாகங்கள் லொறிகளில் வந்தபோது, ஓகஸ்டில் ஊர் வீதிக்கு இறங்கியது. இல்மனைற் மணல் அகழ்வுக்கும் சேர்த்தே எதிர்ப்பு. ஒரு மாதம் நிறுத்திவைப்பதாக ஜனாதிபதி அறிவித்தார். அந்தக் கூட்டத்துக்குப் பக்கத்தால் நான் சத்தமில்லாத வண்டியில் போனேன். தெரிந்த ஒருவர் கூப்பிட்டு, "உன்ர வண்டிக்காகத்தான் இதெல்லாம்" என்றார். பகிடிதான். ஆனாலும் சுட்டது. கொழும்பில் ஒரு காருக்குப் புகைக்குழாய் இல்லாமல் போவதற்கு இங்கே ஒரு முற்றத்தில் தண்ணீர் நிற்கலாமா? மின் வாகன விளம்பரம் எதிலும் இந்தக் கேள்விக்கு இடமில்லை.

மின்சாரமும் முழுக்கக் காற்றிலிருந்து வருவதில்லை. நுரைச்சோலையில் 900 மெகாவாட் நிலக்கரி எரிகிறது. மாலை ஆறரையிலிருந்து பத்தரை வரை நாடே விளக்குப் போடும் நேரம். அப்போது சார்ஜ் செருகுகிறவர் பச்சைப் போக்குவரத்துப் பற்றிப் பேசக்கூடாது. நான் பத்தரைக்குப் பிறகுதான் செருகுகிறேன். 2025 பெப்ரவரியில் பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு ஏறி நாடே இருண்டதே, அந்த மாதிரி நாளில் பெற்றோல்காரர் சிரிக்கட்டும்.

அவர்கள் சிரிப்புக்கும் எல்லை உண்டு. 2022இன் தொடக்கத்தில் 177 ரூபாவாக இருந்த பெற்றோல் ஆனி முடிவதற்குள் 470 ஆனது. காசு இருந்தும் எண்ணெய் இல்லை. பெற்றோல் செற் வாசலில் படுத்துறங்கியதும், பிறகு கியூஆர் காட்டி மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் வாங்கியதும் யாருக்கு மறக்கும்? நான் இந்த வண்டியை வாங்கியது பூமியைக் காப்பாற்ற அல்ல, அந்த வரிசையில் இன்னொருதரம் நிற்காமல் இருக்க. செலவும் குறைவு. வெறுமையிலிருந்து நிரப்ப சுவரிலிருந்து 2.7 அலகு இழுக்கிறது; கூடிய படியில் கட்டணம் விழுந்தாலும், அதே தூரத்துக்கு, 2025இல் லீற்றர் 300 ரூபாவை ஒட்டி நின்ற பெற்றோலுக்குக் கொடுத்ததில் மூன்றிலொரு பங்குதான்.

பேசாலைக் கரையில் ஓர் அண்ணன் வண்டியைச் சுற்றி வந்து, குனிந்து பற்றரியைப் பார்த்தார்.

"இதை வள்ளத்தில பூட்ட ஏலாதா தம்பி?"

அவருடைய கேள்வி நியாயம். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் 87இலிருந்து 340க்கு ஒரே இரவில் ஏறியதில் அதிகம் அடிபட்டது அவர்கள்தான். அங்கேயே மணலில் கணக்குப் போட்டுக் காட்டினேன்: அவருடைய 25 குதிரைவலு இயந்திரத்தை முழு வேகத்தில் ஓட்டினால் என் ஆறு பற்றரியும் ஏழெட்டு நிமிடம் தாங்கும்.

"திரும்பி வர?" என்றார்.

"நீந்த வேணும் அண்ணன்."

கார் கார் என்று உலகம் பேசுகிறது. இந்தக் கரையில் எரிபொருள் குடிப்பது மோட்டார் சைக்கிளும் ஓட்டோவும் வள்ளமும்தான். முதல் இரண்டையும் மாற்றலாம். மூன்றாவதற்கு இன்னும் யாரும் அவர் கைக்கு எட்டும் விலையில் பதில் வைத்திருக்கவில்லை.

குறைகள் இன்னும் சில. உப்புக்காற்று மூன்றாம் மாதமே பற்றரி முனைகளில் நீலப்பச்சைப் பூஞ்சணம் மாதிரிப் படிந்துவிட்டது. சுரண்டிக் கிறீஸ் பூசினால் தாங்கும், மாதம் ஒருமுறை செய்ய வேண்டும். ஆடியில் கொன்ட்ரோலர் போனது. உள்ளூரில் பிரித்துப் பார்க்க ஆளில்லை; கொழும்பிலிருந்து பாகம் பஸ்சில் வந்து சேர 11 நாள். பெற்றோல் வண்டியென்றால் எந்த மரத்தடி மெக்கானிக்கும் அன்றே கிளப்பிவிடுவார். சின்னச் சில்லு வீதியோர மணலில் வழுக்குகிறது.

கழுதைகளையும் சொல்ல வேண்டும். ஒருகாலத்தில் மூட்டை சுமந்தவை, அரபு வணிகர் கொண்டுவந்தவை என்பார்கள். லொறி வந்தபின் வேலையிழந்து நகரெல்லாம் திரிகின்றன. இரவில் சூடு ஆறாத தார் வீதியில் படுத்துக்கொள்ளும். பெற்றோல் வண்டியின் இரைச்சலுக்கு எழும்பும். என் வண்டி கிட்டப் போகும்வரை அவற்றுக்குக் கேட்பதில்லை. ஒருநாள் முன்சில்லு வயிற்றில் முட்டாத குறையாக நின்றேன். கழுதை எழும்பவில்லை. நான்தான் சுற்றிப் போனேன்.

வாங்கலாமா என்றால்: நாளுக்கு 40 கிலோமீற்றருக்குள் ஓடுகிறவர், வீட்டு வாசலில் செருக இடமிருப்பவர் யோசிக்காமல் வாங்கலாம். தலைமன்னாரில் இருந்து நாள்தோறும் நகருக்கு வேலைக்கு வருகிறவர், இங்கே செருக இடமில்லாவிட்டால் வாங்கவே வேண்டாம். பழைய பெற்றோல் மோட்டார் சைக்கிளை நான் இன்னும் விற்கவில்லை, ஆனால் மாதத்துக்கு ஒருமுறைதான் உதைக்கிறேன். ஓகஸ்ட் 15 மடுத் திருவிழாவுக்கு இரண்டையும் வீட்டில் விட்டுவிட்டு எல்லோருமாகப் பஸ்சில் போனோம். இடம் கிடைக்கவில்லை, முருங்கன் வரை நின்றுகொண்டே போனேன். காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று கவனிக்கவில்லை.