பவணந்தியார் தராசில் இன்றைய மேடைப் பேச்சு

பேச்சையே தொழிலாகக் கொண்டவர்கள் இன்று நம்மிடையே பெருகிவிட்டார்கள். பட்டிமன்ற நடுவர், ஆன்மிகச் சொற்பொழிவாளர், தன்முன்னேற்றப் பயிலரங்கம் நடத்துபவர் என்று பல வகையினர். மும்பைத் தமிழர் விழாக்களும் இவர்களை நம்பியே நடக்கின்றன. இவர்களை எதைக் கொண்டு மதிப்பிடுவது? கூட்டத்தையா, கைதட்டலையா? இதற்கான அளவுகோல் சுமார் எண்ணூறு ஆண்டுகளாக நம் கையிலேயே இருக்கிறது என்பது என் கருத்து. சீயகங்கன் வேண்டச் சமண முனிவர் பவணந்தியார் இயற்றிய நன்னூலே அது.

நன்னூல் என்றாலே எழுத்து, பதம், புணர்ச்சி என்று பயந்து ஒதுங்கிவிடுகிறோம். முன்னால் நிற்கும் பொதுப்பாயிரத்தை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? சொல்பவன் எப்படிப்பட்டவன், எப்படிச் சொல்லணும், கேட்பவன் எத்தனை வகை என்பதெல்லாம் அங்கேதான் உள்ளன.

நல்லாசிரியனுக்கு நிலம், மலை, துலாக்கோல், மலர் என்று நான்கு உவமைகள். நான் வியாபாரி, ஆகவே துலாக்கோலில்தான் என் மனம் நிற்கிறது. பேச்சாளர் பணம் வாங்குவதைச் சிலர் குறை சொல்கிறார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. பயணம், படிப்பு, தொண்டை மூன்றையும் செலவழிப்பவர் விலை கேட்கலாம். எடை சரியாக இருக்கணும், அவ்வளவுதான்.

ஆசிரியர் ஆகாதவருக்கும் நான்கு உவமைகள் உண்டு. கழற்காய் நிரப்பிய குடத்தைக் கவிழ்த்தால் காய்கள் போட்ட வரிசையில் வராது, தாறுமாறாகக் கொட்டும். நகைச்சுவை, குறள், சினிமாப் பாட்டு, அம்மா கண்ணீர் என்று கொட்டும் பேச்சு இந்த வகை. மடற்பனை தானாக உதிர்த்தால்தான் பழம். ஏறிப் பறிக்க விடாது. கேள்வி கேட்டால் "நேரமில்லை" என்று கிளம்புகிறவர் இவர். பஞ்சு அடைத்த குண்டிகையில் அடைப்பதும் கஷ்டம், எடுப்பதும் கஷ்டம். நிறையப் படித்தும் சொல்லத் தெரியாத புலவர் இதற்குச் சான்று. முடத்தெங்கு ஒருவர் நீரூற்ற மற்றவர் முற்றத்தில் காய் போடும். வளர்த்துவிட்ட சிறு சங்கங்களைப் பெயர் வந்ததும் மறக்கிறவரை வேறு எதற்கு ஒப்பிடுவது?

இவற்றினும் முக்கியமானது ஒரு கணக்கு. ஆசிரியர் சொன்னதை நன்றாகக் கேட்டாலும் மாணவனுக்குக் கிடைப்பது கால் பங்கே. உடன் பயில்வோரோடு பேசிப் பழகுவதில் இன்னொரு கால். தானே பிறருக்கு எடுத்துரைக்கும்போதுதான் மீதி அரைப் பங்கு வந்து சேர்கிறது. பயிலரங்கம் என்று நாம் இன்று சொல்வதன் இலக்கணமே இதுதான்! ஆனால் நடப்பது என்ன? பேச்சாளரே இரண்டு மணி நேரம் பேசுகிறார். மற்ற முக்கால் பங்குக்கு இடமே இல்லை.

இக்கணக்கை அனுபவத்தால் அறிந்தவர்கள் நம்மிடையே இருந்தார்கள். கிருபானந்த வாரியார் (1906–1993) கதையை நிறுத்தி முன்வரிசைக் குழந்தைகளிடம் கேள்வி கேட்பார். சரியாகச் சொன்னால் புத்தகப் பரிசு. நான் சமணன், அவர் முருகனடியார். ஆனாலும் அந்த முறையைப் பாராட்டாமல் இருக்க முடியாது. 2009இல் மறைந்த தென்கச்சி கோ. சுவாமிநாதன் வானொலியில் ‘இன்று ஒரு தகவல்’ சொன்னது சில நிமிடங்களே. குரலை உயர்த்த மாட்டார். கேட்டவர் அதைப் போன இடத்தில் இன்னொருவருக்குச் சொல்ல முடிந்தது. மீதி அரைப் பங்கு அப்படித்தான் கிடைத்தது.

மான்குர்த், கோவண்டிப் பக்கத்து நம் பிள்ளைகளை நினைத்தே இதை எழுதுகிறேன். வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பள்ளியில் மராத்தி அல்லது ஆங்கிலம். மூன்றையும் புரிந்துகொள்வார்கள், ஆனால் நாலு பேர் முன்னால் எழுந்து நின்று பேசச் சொன்னால் வாய் கட்டிப்போகும். "உன்னால் முடியும்" என்று மேடையிலிருந்து ஒருவர் முழங்குவதால் இந்தக் கட்டு அவிழாது. கொள்வோன் எவ்வளவு கொள்வான் என்றறிந்து, சினமின்றி, அவசரமின்றி, முகமலர்ந்து சொல்லச் சொல்கிறார் பவணந்தியார். அந்த முகமலர்ச்சி பிள்ளையின் தமிழ் தடுமாறும்போதும் மாறக் கூடாது.

ஆகவே சங்கத்தாருக்கு என் வேண்டுகோள் இது. பேச்சாளரை அழையுங்கள், பொன்னாடையும் போடுங்கள். ஆனால் ஒரு மணி நேரம் கொடுத்தால் அவருக்குக் கால் மணி போதும். அடுத்த கால் மணி பிள்ளைகள் தமக்குள் பேசட்டும். மீதி அரை மணி ஒலிபெருக்கி அவர்கள் கையில் இருக்கட்டும். இதற்கு ஒத்துக்கொள்ளும் பேச்சாளருக்குக் கேட்ட தொகையைக் குறைக்காமல் கொடுக்கலாம்.