கம்பெரலியவும் பொன்னியின் செல்வனும்

மணிரத்னத்தின் ‘பொன்னியின் செல்வன்’ 2022, 2023 ஆண்டுகளில் இரண்டு பாகங்களாக வந்தபோது, கல்கியின் ரசிகர்கள் போட்ட கணக்கு பெரும்பாலும் ஒரே மாதிரி இருந்தது. நாவலில் இருந்து படத்தில் விடுபட்டது எது? மணிமேகலை எங்கே போனாள்? நந்தினிக்கு இந்த முகம் பொருந்துகிறதா? ஐந்து பாக நாவலை நெஞ்சில் சுமந்தவர்கள் அப்படிக் கேட்பதில் தவறில்லை. ஆனால் ஒரு படம் தன் மூலநூலுக்குப் பட்டிருக்கும் கடன் நிகழ்ச்சிகளிலும் முகங்களிலும் இல்லை, அந்த நூலின் நடையிலும் அது மனிதரைப் பார்க்கும் விதத்திலும் இருக்கிறது என்பது என் எண்ணம். நாவலைப் படமாக்குவதில் தமிழ்நாடு போன வழியையும் இலங்கையின் சிங்களத் திரையுலகம் போன வழியையும் அருகருகே வைத்தால் இது தெளிவாகத் தெரிகிறது.

தமிழ் ரசிகர் இப்படிக் கணக்குப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. நம்முடைய புகழ்பெற்ற நாவல்கள் பல, புத்தகமாவதற்கு முன் வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளாக வீட்டுக்குள் வந்தவை. ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை ‘கல்கி’யில் வாரந்தோறும் வந்தது. மணியத்தின் தூரிகை வந்தியத்தேவனுக்கும் குந்தவைக்கும் முகம் கொடுத்தது. கொத்தமங்கலம் சுப்புவின் ‘தில்லானா மோகனாம்பாள்’ விகடனில் வந்தபோது கோபுலுவின் கோடுகள் அதே வேலையைச் செய்தன. ‘தியாகபூமி’ இன்னும் ஒரு படி மேலே போனது. 1939இல் அந்தக் கதை விகடனில் தொடராக வந்தபோது, கே. சுப்ரமணியம் எடுத்துக்கொண்டிருந்த படத்தின் காட்சிகளே பக்கங்களில் அச்சாகின. ஆக, தமிழ் வாசகர் நாவலைப் படிக்கும்போதே அரைவாசி பார்த்துவிட்டார். வாரா வாரம் ஒரு திருப்பத்தில் நிறுத்தப்பட்டுப் பழகியவருக்குத் திருப்பங்கள்தான் கதை. அவற்றில் ஒன்று குறைந்தாலும் சொத்தில் ஒரு துண்டு பறிபோனதுபோல் இருக்கிறது. இயக்குநர்களும் அந்தக் கடனைத்தான் அடைக்க முயன்றார்கள். எத்தனை பாத்திரங்களை, எத்தனை சம்பவங்களை மூன்று மணி நேரத்துக்குள் அடைக்கலாம் என்பதே அவர்கள் கவலையாயிற்று.

இலங்கையில் நாவல் வேறொரு தேவைக்காகத் திரைக்குப் போனது. முதல் சிங்களப் பேசும்படமான ‘கடவுணு பொரொந்துவ’ 1947இல் வெளிவந்தது. அது எடுக்கப்பட்ட இடம் மதுரை. அதற்குப் பின்னும் பல ஆண்டுகள் சிங்களப் படங்கள் தென்னிந்தியக் கலையகங்களில், நம் படங்களின் அச்சிலேயே வார்க்கப்பட்டன. பேச்சு மட்டும் சிங்களமாக இருந்தது. இயக்குநர் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1956இல் ‘ரேகாவ’ மூலம் படப்பிடிப்பைக் கிராமத்துக்குக் கொண்டுபோனார். 1963இல், மார்ட்டின் விக்கிரமசிங்க 1944இல் எழுதிய ‘கம்பெரலிய’ நாவலை எடுத்தபோது கலையகத்தை முற்றாகவே விட்டார், பாட்டையும் நடனத்தையும் விட்டார். தென்பகுதிக் கிராமத்தின் பழைய பிரபுக் குடும்பத்து வளவு ஒன்று சரிகிறது, அதன் மகள் நந்தா தான் விரும்பிய ஆசிரியர் பியலை முதலில் மணக்க முடியாமல் போகிறாள், வணிகம் செய்யும் புதிய வர்க்கம் மேலே வருகிறது. இவ்வளவுதான் கதை. ஆனால் அந்த வீட்டில் யாரும் உரக்கப் பேசுவதில்லை, அழுவதுகூட அடக்கமாகத்தான். விக்கிரமசிங்கவின் உரைநடையில் உள்ள அந்த அடக்கமே படத்தின் இலக்கணமாயிற்று. 1965இல் டெல்லி சர்வதேசத் திரைப்பட விழாவில் தங்க மயில் விருது அதற்குக் கிடைத்தது. தமிழ் சினிமாவுக்கு நாவல் கொடுத்தது கதையை. சிங்கள சினிமாவுக்கு அது கொடுத்தது, நம்மிடமிருந்து இரவல் வாங்கிய உருவத்திலிருந்து விடுதலையை.

இலங்கை இயக்குநர்கள் வெறுமனே புத்தகத்துக்கு அடங்கி நடந்தவர்கள், அதைத்தான் விசுவாசம் என்கிறோம் என்று ஒருவர் மறுக்கலாம். ‘நிதானய’ அந்த மறுப்புக்கு இடம் தராது. ஜீ. பி. சேனாநாயக்கவின் ஒரு சிறுகதையை திஸ்ஸ அபேசேகரவின் திரைக்கதை 1972இல் முழுநீளப் படமாக விரித்தது. அதே அபேசேகர 1987இல் விக்கிரமசிங்கவின் ‘விராகய’வை இயக்கினார். அரவிந்தன் என்னும் பற்றற்ற மனிதன் தன் உள்ளத்தைத் தானே துருவிப் பார்க்கும் நாவல் அது. அதில் திரைக்கேற்ற சம்பவங்கள் மிகக் குறைவு. நிகழ்ச்சிக் கணக்கு பார்ப்பவர் தொடவே துணியாத நூல்.

தமிழ்நாட்டிலும் இந்த வழியில் போனவர் உண்டு. மகேந்திரன் 1979இல் புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யிலிருந்து ‘உதிரிப்பூக்க’ளை எடுத்தபோது, கதையின் பெரும்பகுதியை அவரே புதிதாகக் கட்டினார். வரிக்கு வரி ஒப்பிட்டால் அது துரோகம். ஆனால் தாயை இழந்த குழந்தைகள் பெரியவர்களின் உலகத்தை மௌனமாக ஏறிட்டுப் பார்க்கும் அந்தப் பார்வை அப்படியே படத்துக்கு வந்துவிட்டது. தமிழில் ஒரு நூலுக்குச் செய்யப்பட்ட மிகப் பெரிய மரியாதைகளில் ஒன்றாக நான் அதைக் கருதுகிறேன்.

‘அசுர’னைச் சொல்லி என் வாதத்தை மறுக்கலாம். பூமணியின் ‘வெக்கை’ கொலை செய்துவிட்டு ஓடும் சிறுவனும் தகப்பனும் காட்டில் கழிக்கும் சில நாட்களின் கதை. பசி, சமையல், ஒளிந்திருக்கும் மலை, கொஞ்சம் பேச்சு. வெற்றிமாறன் 2019இல் அதற்குத் தகப்பனின் கடந்த காலத்தையும் நிலப் போராட்டத்தையும் சேர்த்துப் பெரும் வெற்றிப்படம் ஆக்கினார். சாதிக் கொடுமையை இலட்சக்கணக்கானவர் முன் வைத்த படத்தைக் குறை சொல்லலாமா? அந்தச் சாதனையை நான் மதிக்கிறேன். அப்படியும் ‘வெக்கை’யின் உயிர் அந்த மெல்லிய இடைவெளிகளில் இருந்தது. துரத்தப்படும் இருவர் ஒரு வேளைச் சோற்றைப் பொங்கிச் சாப்பிடும் நிதானம்தான் அந்த நாவலில் வன்முறைக்குக் கனம் கொடுக்கிறது. சண்டைக் காட்சிகள் அந்த இடத்தை எடுத்துக்கொண்டன. சம்பவங்கள் கூடின, நூலின் மூச்சு குறைந்தது. சிறிய சந்தையுள்ள சிங்களப் படத்துக்கு அமைதி கட்டுப்படியாகும், தமிழுக்கு ஆகாது என்று சொல்வதும் சரியல்ல. ‘உதிரிப்பூக்கள்’ தமிழ்த் திரையரங்குகளில் நன்றாகவே ஓடியது.

தொடர்கதைக்கு இயல்பான வீடு வேறொன்றும் இருக்கிறது. 1982இல் இலங்கையின் தேசியத் தொலைக்காட்சியான ரூபவாஹினி வந்தபின், நாவலைத் திரைக்குக் கொண்டுபோகும் சிங்கள மரபு தொலைக்காட்சிக்கும் பரவியது. புண்யகாந்தி விஜேநாயக்க ஆங்கிலத்தில் எழுதிய ‘கிரய’வை லெஸ்டரே சிங்களத் தொலைக்காட்சித் தொடராக எடுத்தார். இந்தியாவிலும் தூர்தர்ஷன் 1980களில் ஆர். கே. நாராயணின் மால்குடிக் கதைகளையும் பீஷ்ம சாஹ்னியின் ‘தமஸ்’ நாவலையும் அவற்றின் நடை கெடாமல் தந்தது. வாரத் தொடரிலேயே வளர்ந்த நாவல்கள் இவ்வளவு வைத்திருக்கும் தமிழ்நாடோ, தனியார் அலைவரிசைகள் வந்தபின் தினத்தொடர்களை முடிவில்லாமல் நீட்டியது. அவற்றில் நாவலுக்கு இடம் ஏறக்குறைய இல்லாமலே போயிற்று. மணிமேகலைக்கு இரண்டு பாகப் படத்தில் இடமில்லாமல் போனதைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆண்டுக்கணக்கில் ஓடும் தொடர்களிலும் கல்கிக்கும் தி. ஜானகிராமனுக்கும் இடமில்லாமல் போனதைத்தான் ரசிகர்கள் இன்னும் உரத்துக் கேட்டிருக்க வேண்டும்.