ஓடாமல் ஆடியவர்: பெர்பதோவை ரசிப்பது எப்படி?

பல்கேரிய முன்கள வீரர் டிமிதார் பெர்பதோவ் என்று சொன்னதுமே கால்பந்து ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். ஒரு கட்சி 'சோம்பேறி' என்று கையை உதறும். இன்னொரு கட்சி கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டும். நான் இரண்டாவது கட்சி. எதிர்க்கட்சிக்காரர்களிடம் ஒன்று மட்டும் கேட்பேன்: அவர் ஆட்டத்தை எதில் பார்த்தீர்கள்? டிவியில்தான். டிவி கேமரா பந்தின் பின்னாலேயே அலையும். பெர்பதோவின் வேலையிலோ பாதி, பந்து அவரிடம் வருவதற்கு முன்பே திரைக்கு வெளியே முடிந்திருக்கும்.

எனவே முதல் பாடம், பந்தைப் பார்க்காதீர்கள். கோல் தொகுப்புகளை ஒதுக்கிவிட்டு ஒரு முழு ஆட்டத்தைப் போட்டு, அவர் திரைக்குள் வரும்போதெல்லாம் அவர் கழுத்தைக் கவனியுங்கள். இடது தோளுக்கு மேல் ஒரு பார்வை, வலது பக்கம் ஒரு பார்வை, பிறகு இரண்டடி பின்வாங்கல். டிஃபெண்டர் இதைக் கண்டுகொள்வதில்லை. பந்து வந்து சேரும்போது அவரைச் சுற்றி ஒரு ஆள் படுக்கும் அளவுக்கு வெற்றிடம் இருக்கும். அது தானாகக் கிடைத்ததல்ல.

இரண்டாவது பாடம் அந்த முதல் தொடுகை. ரசிகர்கள் 'ஃபர்ஸ்ட் டச்' என்கிறார்களே, அது. உயரத்திலிருந்து விழும் பந்தைப் பலரும் காலை விறைப்பாக நீட்டி நிறுத்தப் பார்ப்பார்கள். பந்து இரண்டு கெஜம் தள்ளிப் போய் விழும். பெர்பதோவின் கால் பந்தை எதிர்கொண்டு போகும், தொடும் கணத்தில் அதோடு சேர்ந்தே கீழிறங்கும். கணுக்கால் தளர்ந்திருக்கும். கிரிக்கெட்டில் ஸ்லிப்பில் நிற்பவர் கையைப் பின்னுக்கு இழுத்துக் கேட்ச் பிடிப்பதைப் போலத்தான். ஆனால் அவர் பந்தை வெறுமனே நிறுத்துவதோடு விடமாட்டார். அடுத்த பாஸ் எந்தத் திசையில் போக வேண்டுமோ அந்தப் பக்கமாகவே அதைச் சாய்த்து வைப்பார். அதனால்தான் அவருக்கு அவசரமே இல்லை என்று நமக்குத் தோன்றுகிறது. அவசரப்பட வேண்டிய வேலையை முன்கூட்டியே முடித்திருப்பார்.

2008 அக்டோபர் 29 அன்று ஓல்ட் டிராஃபோர்டில் மான்செஸ்டர் யுனைடெட்டும் வெஸ்ட் ஹாமும் மோதிய ஆட்டத்தைத் தேடிப் பாருங்கள். பந்து கோல் கோட்டைத் தாண்டி வெளியே போகப்போகிறது. வெஸ்ட் ஹாம் டிஃபெண்டர் ஜேம்ஸ் காலின்ஸ் நெருங்கிவிட்டார். அந்த ஓரத்தில் பெர்பதோவ் பந்தைக் காலால் அணைத்து, உடம்பைச் சுழற்றி, காலின்ஸைச் சுற்றிக்கொண்டு வந்து ரொனால்டோவுக்குத் தள்ளுகிறார். ரொனால்டோ செய்ய வேண்டியது காலை வைப்பது மட்டும். பெர்பதோவின் வேலையைக் குறைந்தது மூன்று தடவை பாருங்கள். மூன்றாம் முறை காலின்ஸை மட்டும் பாருங்கள். மனிதர் எங்கே தவறு செய்தார்? எங்குமே செய்யவில்லை. அதுதான் வேடிக்கை.

இந்தக் கால்கள் எங்கிருந்து வந்தன? தென்மேற்கு பல்கேரியாவின் பிளாகோயெவ்கிராத் நகரில், 1981இல் பிறந்தவர். அப்பா இவான் உள்ளூர் பிரின் கிளப்பிலும் பிறகு சோஃபியாவின் சிஎஸ்கேஏவிலும் ஆடியவர். அம்மா மார்கரித்தா ஹேண்ட்பால் வீராங்கனை. மகனும் அதே பாதையில் பிரின், சிஎஸ்கேஏ என்று வந்து, இருபது வயதுக்குச் சற்று முன் ஜெர்மனியின் லெவர்குசனுக்குப் போனார். 2002 சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் மாற்று ஆட்டக்காரராக இறங்கினார். ஆங்கிலம் கற்க 'காட்ஃபாதர்' படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தாராம். ஓய்வு நேரத்தில் பென்சில் ஓவியம் வரைவார். களத்தில் அவர் நடக்கும் தோரணைக்கு இதெல்லாம் பொருந்தித்தான் போகிறது.

அவரது சிறந்த காலம் யுனைடெட்டில் இல்லை என்பது என் கட்சி. 2006 முதல் 2008 வரையான டாட்டன்ஹாம் ஆட்டங்களைப் பாருங்கள். பக்கத்தில் ராபி கீன். கீன் நிற்கமாட்டார், பெர்பதோவ் ஓடமாட்டார். ஒருவர் இன்னொருவருக்காகவே பிறந்தது போல் இருக்கும். 2007 டிசம்பர் 29இல் ரெடிங்குக்கு எதிரான ஆட்டம் 6-4 என முடிந்தது. அதில் நான்கு கோல் இவருடையது. பிறகு 3.075 கோடி பவுண்டுக்கு, அன்றைய யுனைடெட் சாதனைத் தொகைக்கு, விற்கப்பட்டார்.

அந்தத் தொகை அவர் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டது. விலை கொடுத்தவர்களுக்கு வியர்வை தெரிய வேண்டும். 2010 செப்டம்பர் 19இல் லிவர்பூலுக்கு எதிராக ஹாட்ரிக் அடித்தார். அதில் இரண்டாவது கோலைப் பாருங்கள். கோலுக்கு முதுகைக் காட்டி நிற்கிறார், நானி அனுப்பிய பந்தைத் தொடையில் ஏந்துகிறார், அது மேலெழும்பியதும் ஓவர்ஹெட் கிக். எல்லோரும் அந்த உதையைப் பேசுகிறார்கள். என் கண்ணுக்கு அந்தத் தொடைதான் கோல் அடித்தது. பந்து எவ்வளவு உயரம் எழ வேண்டுமோ அவ்வளவுதான் எழுகிறது.

அந்தப் பருவத்தில் 20 கோல் அடித்து, டெவஸுடன் லீக்கின் அதிக கோல் பட்டியலில் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார். யுனைடெட் லீக்கை வென்றது. ஆனால் 2011 மே 28இல் வெம்ப்ளியில் பார்சிலோனாவுடனான சாம்பியன்ஸ் லீக் இறுதிக்கு, மாற்று ஆட்டக்காரர்கள் வரிசையில்கூட அவர் பெயர் இல்லை. யுனைடெட் மேலாளர் ஃபெர்குசனைக் குறை சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் பந்தைத் துரத்தித் துரத்திப் பறிக்க வேண்டிய ஆட்டத்துக்கு இவர் பொருந்தமாட்டார் என்பதும் உண்மை. ரசிகராக இருப்பதற்கு அந்தக் குறையை மறைக்க வேண்டியதில்லை.

பல்கேரியாவுக்காக 48 கோல், அந்நாட்டுச் சாதனை. ஓய்வுக்குப் பிறகு திறமையுள்ள சிறுவர் சிறுமியருக்கான தன் அறக்கட்டளையோடு நிற்காமல், நாட்டின் கால்பந்து சம்மேளனத் தலைவர் தேர்தலிலும் நின்றார். 2021இல், 1994 உலகக்கோப்பை கோல்கீப்பர் போரிஸ்லாவ் மிகாய்லோவிடம் தோற்றார். 2024இல் மறுபடியும் தோல்வி. களத்தில் ஓடாத மனிதர் இந்த விஷயத்தில் மட்டும் விடாமல் ஓடினார்.

நமக்கு அருகிலேயே அவர் ஆடியிருக்கிறார். 2017-18 ஐஎஸ்எல் பருவத்தில் கேரளா பிளாஸ்டர்ஸ். அழைத்து வந்த பயிற்சியாளர் ரெனே மியூலென்ஸ்டீன், யுனைடெட்டில் அவரோடு வேலை செய்தவர். ஆனால் மியூலென்ஸ்டீன் பருவத்தின் நடுவிலேயே விலகிவிட்டார். கடைசியில் பெர்பதோவ் சமூக ஊடகத்தில் கடுப்போடு எழுதிவிட்டுப் போனார்: முன்கள வீரரின் மார்புக்குப் பந்தைத் தூக்கிப் போடுவதெல்லாம் ஒரு திட்டமா என்று. உலகின் மிக மென்மையான பாதங்கள் இருக்கும்போது மார்பைத் தேடினால் கோபம் வரத்தானே செய்யும். அங்கே அவர் அடித்தது ஒரே கோல், கொல்கத்தாவில் ஏடிகே அணிக்கு எதிராக. அந்தக் கோலைப் பார்த்த கையோடு, கொச்சியில் 0-0 என முடிந்த முதல் ஆட்டத்தையும் போடுங்கள். அவர் கை காட்டிப் பந்து கேட்கும் தருணங்களை எண்ணுங்கள். பந்து எத்தனை முறை வேறு பக்கம் போகிறது என்பதையும் எண்ணுங்கள்.